அறுபது கிலோ

நவம்பர் 3, திங்கள்

இந்த நோட்டில் எழுத இருப்பவை:

1. பூபதி என்னிடம் ஒப்படைத்த வேலை.
2. விண்ணப்பங்களைச் சலிக்கும் முறை.
3. ஒரே ஒரு காரியம் மட்டும் தெரிந்தவரை வேலைக்கு எடுக்கக் கூடாது. அவருக்குத் தெரியாததெல்லாம் பக்கத்து நாற்காலிக்காரர் தலையில் விழும்.
4. என் வீட்டு விஷயம் எதுவும் இந்தத் தேர்வில் கலக்காது.
5. இருபதாம் தேதிக்குள் முடிவை எழுத்தில் கொடுப்பது.

ஐந்தும் சரியாக இருப்பதாகத்தான் தோன்றுகிறது. ஐந்தாவதை முதலில் போட்டிருக்கலாமோ என்று ஒரு சந்தேகம்.

முதலாவது. என் மகன் பூபதி ஈரோட்டில் பெருந்துறை ரோட்டில், ஒரு டயர் கடையின் மாடியில், எட்டுப் பேரை வைத்துக் கம்பெனி நடத்துகிறான். எடை மேடைகளுக்கு புரோகிராம் எழுதிக் கொடுப்பது தொழில். எடை மேடை என்பது லாரி ஏறி நிற்கும் இரும்புத் தளம்; லாரிக்காரர்கள் வே பிரிட்ஜ் என்கிறார்கள். அடியில் இருக்கும் கருவி ஒரு சிறிய பெட்டிக்கு எடையை அனுப்பும். பெட்டியிலிருந்து கம்பி வழியாக எண் கணினிக்கு வரும். வண்டியை லோடோடு ஒரு முறை, காலியாக ஒரு முறை நிறுத்துவார்கள். வித்தியாசம்தான் சரக்கு. நான் எடை மேடையைக் கண்ணால் பார்த்ததில்லை. முப்பத்தைந்து வருடம் கல்லூரியில் கணிதம் நடத்தியவனுக்குக் கழித்தல் புரிந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கம்பி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பெங்களூருக்குப் போய்விட்டார். டிசம்பர் பத்தாம் தேதி ஒரு சர்க்கரை ஆலையில் சோதனை. ஒரு நாள் முழுக்கக் கரும்பு வண்டிகளை எடை போட்டுக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் இந்த அரவைப் பருவம் முழுவதும் வேலை பூபதி கம்பெனிக்கு. இல்லாவிட்டால், அவனுடைய மானேஜர் ஷாகுல் சொன்னதுபோல், "எட்டுப் பேரும் கீழ போயி டயர் உருட்டோணும் சார்."

அந்த ஒரு நாற்காலிக்கு அறுபத்தொரு விண்ணப்பம். பாதிப் பேர் யாரோ ஒருவருடைய மச்சான். அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்களாம்.

"எங்கப்பா இருந்த கமிட்டியே என்னைய வேண்டாம்னு சொல்லிருச்சு. இவருகிட்ட எவன் சிபாரிசு எடுபடும்?" என்றான் பூபதி, எல்லோர் முன்னாலும். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது பழைய கதை. இங்கே அவசியமில்லை.

நவம்பர் 5, புதன்

விண்ணப்பங்களை ஷாகுல் அச்செடுத்துக் கொடுத்துவிட்டார். மூன்று நிறத்தில் காகித நாடா வெட்டிக்கொண்டேன். பட்டமும் பரந்த அனுபவமும் இருந்தால் பச்சை. ஒன்று இருந்து ஒன்று இல்லையென்றால் மஞ்சள். இரண்டும் இல்லையென்றால் சிவப்பு. மாலைக்குள் பச்சை 9, மஞ்சள் 13, சிவப்பு 39.

சிவப்பில் ஒன்றை இரண்டு முறை படித்தேன். லோகேஸ்வரி, வயது 31, சித்தோடு. பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டார். ஒரு எடை மேடையில் ஏழு வருடமாக எடைச் சீட்டுப் போடும் வேலை. 'தெரிந்தவை' என்ற இடத்தில் மற்றவர்கள் இருபது முப்பது பெயர் அடுக்கியிருக்கிறார்கள். இவர் இப்படி எழுதியிருக்கிறார்: "எடைப் பெட்டியில் வரும் எண்ணைத் தப்பில்லாமல் கணினிக்குக் கொண்டுவரத் தெரியும். நானாகக் கற்றுக்கொண்டது. வேறு எதுவும் தெரியாது."

நேர்மையான வாக்கியம். ஆனால் மூன்றாவது குறிப்பு இவரைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. சிவப்பு நாடாவை ஒட்டினேன்.

நவம்பர் 6, வியாழன்

சிலிண்டர் வரவில்லை. கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது.

நவம்பர் 8, சனி

பூபதி வீட்டுக்கு வந்தான். என் மனைவி வசந்தாமணி அவனுக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்திருந்தாள். சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே என் மேசையில் சிவப்புக் கட்டைப் புரட்டினான். லோகேஸ்வரியின் தாளில் கொஞ்ச நேரம் நின்றான்.

"இவங்களைக் கூப்பிடலீங்களாப்பா?"

"பட்டம் இல்லை. ஒரு வேலைதான் தெரியும்கிறார்."

"சரிங்கப்பா" என்று தாளை எடுத்த இடத்திலேயே வைத்தான். நாடா வெளியே தெரியும்படி ஒழுங்காகவே வைத்தான்.

அவன் போனபின் சிவப்பை உரித்து மஞ்சள் ஒட்டினேன். தேர்வு நடக்கும் அறைக்கு ஷாகுல் இருபத்து மூன்று நாற்காலி சொல்லியிருக்கிறார். என் கணக்கில் இருபத்திரண்டு பேர். ஒரு நாற்காலி சும்மா கிடப்பது நன்றாயிருக்காது. காரணம் அவ்வளவுதான்.

நவம்பர் 12, புதன்

எழுத்துத் தேர்வு. நாற்பது கேள்வி, நூறு மதிப்பெண். கேள்வித்தாளை ஆறு முறை திருத்தினேன். கடைசிக் கேள்வி தொழிலோடு ஒட்டி இருக்கட்டும் என்று ஷாகுலிடம் ஓர் உண்மையான எடை மேடைப் பதிவைக் கேட்டு வாங்கிப் போட்டிருந்தேன். பத்து நொடிக்கு ஒன்றாகப் பத்து எண்கள். முதல் நான்கும் 18,460. அடுத்த மூன்று 18,400. கடைசி மூன்று மறுபடி 18,460. "இந்த லாரியின் எடை என்ன?" ஐந்து மதிப்பெண். என் விடை சராசரி: 18,442.

லோகேஸ்வரி பத்து நிமிடம் தாமதமாக வந்தார். கையில் டிபன் பை. "சார், பேப்பர்ல எழுதித்தான் காட்டோணுங்களா? கம்பியும் பெட்டியும் குடுத்தா இங்கயே செஞ்சு காட்டிப்போடுவேனுங்க."

"எல்லோருக்கும் ஒரே முறைதான்" என்றேன்.

முதல் முப்பத்தொன்பது கேள்விகளையும் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார், பெரும்பாலும் எழுதாமலே. மீதி நேரம் முழுக்கக் கடைசிக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக ஒரு மணிக்குப் பஸ் இருக்கிறதென்று ஓடினார்.

நவம்பர் 13, வியாழன்

திருத்தி முடித்தேன். முதலிடம் ஹரிநிவாஸ் என்ற பையன், 86. பொறியியல் பட்டதாரி, எழுத்து மணிமணியாக இருக்கிறது. லோகேஸ்வரி 19. கடைசி இடம்.

கடைசிக் கேள்விக்கு இருபத்திரண்டு பேர் சராசரி எடுத்திருக்கிறார்கள். லோகேஸ்வரி எழுதியது: "இந்த எடையை எடுக்கக் கூடாது. அஞ்சாவது எண்ணில் யாரோ மேடையை விட்டு இறங்கியிருக்கிறார்கள். எட்டாவதில் திரும்ப ஏறியிருக்கிறார்கள். எல்லாரையும் இறக்கிவிட்டு மறுபடி போட வேண்டும்."

ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: 'கேட்டதற்கு விடை இல்லை.' பூஜ்யம்.

நவம்பர் 14, வெள்ளி

தாள்களைக் கட்டி வைக்கும்போது வசந்தாமணி வந்து எட்டிப் பார்த்தாள். அவள் முப்பது வருடம் ஆரம்பப் பள்ளியில் இருந்தவள். சிவப்பு மை கண்ணில் பட்டால் விடமாட்டாள்.

"ஏனுங்க, இந்தப் புள்ளைக்கு ஏன் சைபர்?"

"சராசரி கேட்டேன். அந்தப் பெண் கதை எழுதியிருக்கிறாள்."

"கேள்வில சராசரின்னு எங்க போட்டிருக்குது?"

வாங்கிப் பார்த்தேன். போடவில்லை. ஆறு முறை திருத்திய தாள்.

"எடை என்னன்னு கேட்டிருக்கீங்க. அவ எடை தப்புன்னு சொல்லியிருக்கா. கேட்டதுக்குப் பதில்தான சொல்லியிருக்கா."

"அது அப்படியில்லை, வசந்தா..."

"எப்படியில்லை?" என்று நின்றாள். குக்கர் கூப்பிட்டதால் தப்பித்தேன்.

நவம்பர் 15, சனி

விண்ணப்பத்தில் சொன்ன அனுபவத்தை நேரில் சரிபார்ப்பது முறைதான். கல்லூரியில் அதற்கென்று படிவமே இருந்தது. ஆகவே காலையில் பஸ் ஏறிச் சித்தோடு போனேன்.

மேடை நான் நினைத்ததைவிடப் பெரியது. ஐம்பதடி நீளம் இருக்கும். தரையிலிருந்து ஓரடி உயரம். ஓரத்தில் தகரக் கூரை போட்ட அறை, அதில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு மேலே ஒலிபெருக்கி. அதில் லோகேஸ்வரியின் குரல் ரோடு வரைக்கும் கேட்டது. தேர்வு அறையில் எனக்குக் கேட்ட குரல் இது அல்ல.

"அண்ணா, இன்னும் ஒரு அடி முன்னால! போதும் போதும். வண்டிய ஆஃப் பண்ணுங்க. கிளீனர் அண்ணன் பின்னால தொங்கிட்டிருக்காரு, எறங்கச் சொல்லுங்க."

"அவன் என்ன பெருசா இருந்துரப் போறான் தங்கச்சி, காத்தடிச்சாப் பறக்கறவன்!"

"கீழ எறங்கிப் பறக்கட்டுமுங்க. லோடுக்கு ஏறி நின்னா காலி வண்டிக்கும் ஏறி நிக்கோணும். இல்லீன்னா அவரையும் சேத்து சிமெண்டுன்னு வித்துப்போடுவீங்க!"

வரிசையில் நின்ற லாரிகளிலிருந்து சிரிப்பு. கிளீனர் குதித்தார். உள்ளே கணினி 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டது. திரையில் எண் ஐம்பது குறைந்து நின்றது. அப்புறம்தான் அவர் சீட்டை அடித்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "சார், அந்தக் கேள்வி போட்டவங்கதானுங்களே! உக்காருங்க. மார்க் வந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்லை" என்றேன். பொய்.

அந்தச் சத்தம் எதற்கு என்று கேட்டேன். எண் திடீரென்று ஓர் ஆள் கனத்துக்குக் கூடினாலோ குறைந்தாலோ மணி அடிக்குமாம். அந்தச் சீட்டு அச்சாகாதாம். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில், நான்கு வருடமாக, அவராகவே எழுதிய புரோகிராம்.

"யாரிடம் படித்தீர்கள்?"

"யார்கிட்டயும் இல்லீங்க. யூடியூப்ல ஒரு இந்திக்காரரு சொல்லிக்குடுப்பாரு. எனக்கு இந்தி தெரியாதுங்க. அவரு பேசறத விட்டுட்டு தெரைய மட்டும் பாத்துக்குவேன்."

"நான்கு வருடத்தில் வேறு எதையாவது கற்றுக்கொள்ளத் தோன்றவில்லையா?"

"இதே இன்னும் முடியலீங்களே சார். மழையில ஒரு மாதிரி வருது, வெய்யில்ல ஒரு மாதிரி வருது. மேடைக்கடியில சேறு ஏறிக்குது. ஒவ்வொண்ணா வந்துட்டேதான் இருக்குது." சீட்டுக் கட்டை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "தை மாசம் இந்த எடத்த வித்துப்போடறாங்க. இது போச்சுன்னா இதத் தெரிஞ்சு வெச்சு நான் என்ன பண்றது? அதானுங்க எழுதிப் போட்டேன்."

புறப்பட எழுந்தேன்.

"சார், அந்தக் கேள்வில இருந்த ஆளு எத்தன கிலோ?"

"அறுபது."

"வண்டி இல்ல இப்ப. நீங்க சித்த மேடைல ஏறி நில்லுங்க."

ஏறினேன். பத்துப் பத்தாகத்தான் அந்தப் பெட்டி காட்டுமாம். ஜன்னலுக்கு மேலே இருந்த சிவப்பு எண்களில் 60 என்று வந்தது. உள்ளே 'டிங்'.

"நீங்கதானுங்க சார் அது!" என்று ஒலிபெருக்கியிலேயே சிரித்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது மனக்கணக்குப் போட்டேன். பதிவில் லாரியோடு நின்ற ஆள் அறுபது கிலோ. நான் சராசரி எடுத்ததும் எடை பதினெட்டு கிலோதான் குறைந்தது. ஒரு முழு ஆளைப் பதினெட்டு கிலோவாகத் தேய்த்துவிட்டு, அதை இருபத்திரண்டு பேரிடம் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கடைசிக் கேள்வியை மறுபடி திருத்தினேன். இருபத்திரண்டு பேருக்கும் ஐந்தைக் கழித்தேன். லோகேஸ்வரிக்கு ஐந்தைக் கூட்டினேன். ஹரிநிவாஸ் 81. லோகேஸ்வரி 24.

வரிசை மாறவில்லை. முறைப்படி ஹரிநிவாஸ்தான்.

பழைய கதையை இங்கே எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். தேதி மட்டும் குறித்து வைக்கிறேன்: 2007, ஜூன். கல்லூரிக் கணினிக் கூடத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தேர்வுக் குழுவில் மூன்று பேர், நான் ஒருவன். பதினொரு பாடத்தில் தோற்று, பொறியியலை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்ட ஒரு பையன் விண்ணப்பித்திருந்தான். அறுபது கணினிகளையும் ஒரே கம்பியில் கோத்து ஓடவைக்கத் தெரியும் என்று எழுதியிருந்தான். வேறு எதுவும் எழுதவில்லை. மற்ற இருவரும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் முறையைச் சுட்டிக்காட்டினேன். கோப்பில் எழுதியதும் நான்தான்: 'தகுதி போதாது.' குழுவில் மகன் பேச்சு வந்தபோது நான் வெளியே போயிருக்க வேண்டும். போனால் பாசத்துக்கு வழிவிட்டதாக ஆகும் என்று உட்கார்ந்திருந்தேன்.

குழுவின் முடிவு என்றுதான் வீட்டில் சொன்னேன். அவன் "சரிங்கப்பா" என்றான்.

நவம்பர் 19, புதன்

நேர்முகம். பூபதி, ஷாகுல், நான்.

ஹரிநிவாஸ் நல்ல பையன். எதைக் கேட்டாலும் தெரிகிறது. தெரியாததைத் தெரியாது என்கிறான். போகும்போது வாசலில் நின்று திரும்பினான். "சார், நாப்பதாவது கேள்விக்கு நான் ஆவரேஜ் எழுதினேன். வெளிய வந்தப்புறம் பஸ் ஸ்டாப்புல அந்த அக்கா சொன்னாங்க. நான் எழுதுனது தப்புங்க சார்."

இருபத்து மூன்று வயது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறான்.

அடுத்து லோகேஸ்வரி. ஷாகுல்தான் கேட்டார்.

"வெப்சைட் பண்ணுவீங்களாம்மா?"

"மாட்டேனுங்க."

"மொபைல் ஆப்?"

"மாட்டேனுங்க."

"சீட்டுல தமிழ்ல பேரு அடிக்கிற மாதிரி?"

"அதுவும் தெரியாதுங்க."

"அப்பறம் என்னதாம்மா செய்வீங்க?"

"எடை தப்பா வராமப் பாத்துக்குவேனுங்க."

ஷாகுல் சிரித்துவிட்டார். பூபதி சிரிக்கவில்லை. எல்லோரும் போனபின், "முடிவு உங்களுதுங்கப்பா. நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றான்.

எழுத்தில் தருகிறேன் என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ஹரிநிவாஸ். காரணம் ஒன்று முதல் நான்கு வரை. பூபதி முழுவதும் படித்தான். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"சரிங்கப்பா."

இருபதாம் தேதிக்கு ஒரு நாள் முன்பாகவே முடித்துவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் வந்தார், போனார். பகலில் மூன்று முறை படுத்து எழுந்தேன். வசந்தாமணி, "காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

காலை பத்து மணிக்கு டயர் கடை மாடி ஏறினேன். பதினெட்டுப் படி. பூபதி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டான்.

"அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடு."

"ஏனுங்கப்பா? இன்னைக்கு அந்தத் தம்பிக்குச் சொல்லலாம்னு இருக்கேன்."

"சொல்லிவிட்டாயா?"

"இன்னும் இல்லீங்க."

"லோகேஸ்வரியை எடு. காரணம் ஒன்று..."

"நம்பர் வேண்டாங்கப்பா."

நம்பர் இல்லாமல் எனக்கு ஆரம்பிக்கத் தெரியவில்லை. சன்னலுக்கு வெளியே ஒரு லாரியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடியே சொன்னேன்: "காலேஜ் கோப்பில் அன்றைக்கு எழுதியது குழு இல்லை. நான்."

"தெரியுமுங்கப்பா."

"எப்போதிலிருந்து?"

"அப்பவே. கிளார்க் அண்ணன் கோப்பக் காட்டுனாரு. ரேங்க் கார்டுல பன்னெண்டு வருசம் நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க. உங்க எழுத்து எனக்குத் தெரியாதுங்களா?"

"ஏன் கேட்கவில்லை?"

"கேட்டா நீங்க ஒண்ணு ரெண்டுன்னு காரணம் சொல்லுவீங்க. எல்லாமே சரியாவும் இருக்கும்." சிரித்தான். சிரிப்பில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை; முகம் படிப்பதில் நான் என்றுமே சுமார்தான்.

பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். அதற்குள் ஷாகுல் உள்ளே வந்து இருவரையும் பார்த்தார். "என்ன புரொபசர் சார், கண்ணெல்லாம் கலங்கியிருக்குது?"

"சொட்டு மருந்து" என்றேன்.

ஹரிநிவாஸுக்கு நானே போன் செய்து சொன்னேன். ஜனவரியில் இன்னொரு நாற்காலி போடப் பூபதி நினைத்திருப்பதையும் சொன்னேன். "பரவால்லீங்க சார், அந்த அக்காவுக்கா? சரியான ஆளு" என்றான்.

டிசம்பர் 1, திங்கள்

ஷாகுல் போன். "சார், உங்க ஆளு கம்பியும் பெட்டியும் தவிர எதையும் தொட மாட்டேங்குது. பிரிண்டர்ல பேப்பர் சிக்குனாக்கூட என்னையத்தான் கூப்புடுது." பின்னால் பெண் குரல்: "அண்ணா, இங்க கேக்குதுங்க!"

சிலிண்டர் வந்துவிட்டது.

டிசம்பர் 10, புதன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

என்னையும் ஆலைக்கு அழைத்துப் போனார்கள். வசந்தாமணி குடையும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுப்பினாள். ஆறு மணிக்கே டிராக்டர்கள் ரோடு வரை நின்றன. எங்கள் கணினி ஒரு மேசையில். லோகேஸ்வரி அதன் முன்னால், கையில் மைக். பக்கத்தில் ஆலை அதிகாரி, சட்டைப் பையில் மூன்று பேனா வைத்த மனிதர். எதிலும் நம்பிக்கை இல்லாதவர்போல் வாயைச் சுழித்துக்கொண்டிருந்தார்.

முதல் சீட்டிலேயே சங்கடம். எடை வந்தது, வண்டி எண் வந்தது, விவசாயியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது. "பேரு இல்லாமச் சீட்டு எப்படிங்க வாங்கறது?" என்று வரிசையில் சத்தம். லோகேஸ்வரி முகம் வெளுத்துப் போய், "எனக்கு அது வராதுன்னு சொன்னேனுங்களே" என்றார். ஷாகுல் பேனாவை எடுத்தார். அப்போதிருந்து ஒவ்வொரு சீட்டிலும் கையால் பெயர் எழுதினார்.

"கம்ப்யூட்டர்னு சொன்னாங்க, இங்க ஒருத்தர் பரிட்சை எழுதிட்டிருக்காரே" என்றார் அதிகாரி.

பூபதி என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு உட்கார முடியவில்லை. அதிகாரி எங்களை அனுப்பிவிட்டால் அது என் முடிவால். குடையை எடுத்துக்கொண்டு டிராக்டர்கள் பக்கம் நடந்தேன். வண்டி எண்களை என் சிறு நோட்டில் குறித்து, மாலையில் அவர்கள் பட்டியலோடு சரிபார்க்கலாம் என்று எண்ணம். நான் செய்யக்கூடிய உதவி அதுதான்.

பதினோரு மணி இருக்கும். கரும்பை இறக்கிவிட்டு ஒரு டிராக்டர் காலியாக மேடைக்கு வந்தது. டிரைலரின் பின்பக்க எண் சேற்றில் மறைந்திருந்தது. கிட்டே போய் விரலால் துடைத்துப் பார்த்தேன்.

மணி அடித்தது.

"யாரோ மேடை மேல நிக்கறாங்க" என்றார் லோகேஸ்வரி மைக்கில்.

"யாருமில்ல, மெஷின்தான் தப்பு" என்று அதிகாரியின் குரல் கேட்டது. "டிரைவர் கீழ நிக்கறான், நான் கண்ணால பாக்கறேன். சீட்டப் போடும்மா."

"போட மாட்டேனுங்க சார்."

"போடுன்னா போடு! பின்னால நூறு வண்டி நிக்குது."

"இது காலி வண்டிங்க சார். இதுல ஒரு ஆளு சேந்தா அத்தன கரும்பு அந்த அண்ணனுக்குக் கொறையும். நீங்க எழுதிக் குடுத்தாலும் நான் போட மாட்டேன். அறுவது கிலோ இருக்குது, யாரோ..." குரல் நின்றது. பிறகு ஆலை முழுவதற்கும் கேட்கும்படி: "சார்! புரொபசர் சார்! எறங்குங்க சார்!"

கீழே பார்த்தேன். என் செருப்புக்கு அடியில் இரும்பு.

டிரைலருக்குப் பின்னால் குடையும் நோட்டுமாக நான் எட்டிப் பார்த்ததும் வரிசை முழுவதும் சிரித்தது. அந்த வண்டிக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெரியவரே, இன்னும் சித்த நேரம் நின்னிருந்தீங்கன்னா என்ற கரும்புல அறுவது கிலோவ நீங்க தின்னுருப்பீங்க" என்றார். அதிகாரி சிரிக்கவில்லை. கணினிக்கு அருகே போய்க் குனிந்து, அந்த எண் அறுபது ஏறிய இடத்தை நீண்ட நேரம் பார்த்தார். மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார்.

மேடை ஓரடி உயரம். ஏறியது எப்படியென்று நினைவில்லை, இறங்கத்தான் முடியவில்லை, முழங்கால் மடங்கவில்லை. அத்தனை பேர் பார்க்க நான் நின்றுகொண்டிருந்தபோது பூபதி ஓடிவந்தான்.

"கையக் குடுங்கப்பா."

கொடுத்தேன். இறங்கினேன். மணி மறுபடி அடித்தது. சீட்டு வந்தது.

மாலையில் அதிகாரி பூபதியிடம், "பேரை மட்டும் தமிழ்ல வரவெச்சுருங்க தம்பி. பருவம் முடியற வரைக்கும் உங்களுதுதான்" என்றார்.

டிசம்பர் 11, வியாழன்

இந்த நோட்டை முடித்துவிடலாம் என்று முதல் பக்கத்தைத் திருப்பினேன். ஐந்து குறிப்புகளில் ஒன்று தவறாகப் போயிற்று. அதைக் குறிக்காமல் மூடுவது முறையல்ல.

மூன்றாவதை அடிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அப்போது ஷாகுல் போன் செய்தார். நேற்று மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டில் பெயர் எழுதினாராம். பெருவிரல் வீங்கியிருக்கிறதாம். "அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சது ஒண்ணு சார். தெரியாதது பூரா என்ற கைல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருக்குத் தெரியாததெல்லாம் பக்கத்து நாற்காலிக்காரர் தலையில் விழும் என்று நான் எழுதியிருந்தது அப்படியே நடந்திருக்கிறது. மூன்று நிற்கட்டும்.

ஐந்தாவது ஒரு நாள் தள்ளிப் போயிற்று. அதைத் தவறு என்று சொல்ல முடியாது.

வசந்தாமணி நேற்று நடந்ததை இன்று நான்காம் முறை கேட்டுவிட்டுச் சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பூபதி ஞாயிறு சாப்பிட வருகிறானாம். கொள்ளு ஊறப்போட வேண்டும்.

என் வீட்டு விஷயம் எதுவும் இந்தத் தேர்வில் கலக்காது என்று எழுதியிருக்கிறேன். நல்ல கையெழுத்தில், அடிக்கோடு போட்டு. அறுபத்தொரு பேரையும் எடை போட்டபோது நான் மேடையில்தான் நின்றிருக்கிறேன். இரண்டாயிரத்து ஏழிலிருந்தே நின்றிருக்கிறேன். மணி அடிக்கத்தான் யாரும் இல்லை.

நான்காவது குறிப்பு தவறு.